வாசகர் கேள்வி – பதில்: எவன் நின்னா என்ன சார்?

போன இதழில் ‘பாவம், தண்டனை, பரிகாரம் பற்றிக் கேளுங்கள்’ என்று ஆசிரியர் ஒரு வரி போட்டுவிட்டார். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பதில் சொல்கிற நான் போதகர் இல்லை. முப்பத்துநாலு வருஷம் கிரிமினல் கோர்ட்டுகளில் வேலை பார்த்து, கடைசியில் சிரஸ்தாராக, அதாவது கோர்ட்டின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன். இறையியல் படித்தது அதற்கப்புறம், அஞ்சல்வழியில். போதகர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கபீடம் ஏறுவேன், அவ்வளவுதான்.

கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன். நம் குமரி மாவட்டத்தில் பெயரையும் ஊரையும் சேர்த்துப் போட்டால் எந்த சபை, எந்த வீடு, யாருக்கு மருமகள் என்பது வரை மறுநாள் காலையில் சாயாக்கடையில் தெரிந்துவிடும்.

தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பெரிய வெள்ளி ஆராதனையில் ஒரு கதை சொன்னார்கள். நீதிபதியின் முன்னால் அவருடைய பால்ய நண்பன் குற்றவாளியாக நிற்கிறான். நீதிபதி சட்டப்படி முழு அபராதத்தையும் விதிக்கிறார். பிறகு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்து, தானே அதைக் கட்டிவிடுகிறார். எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு மட்டும் இடித்தது. குற்றம் செய்யாதவரைத் தண்டிப்பது எப்படி நீதியாகும்? நம் கோர்ட்டில் இதை ஏற்பார்களா?

ஏற்க மாட்டார்கள். பார்த்தவன் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு அடிதடி வழக்கு. தம்பிதான் எதிரி, குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் கோர்ட்டில் அந்தப் பெயர்தான். அவனுக்கு கல்ஃப் விசா வந்திருந்தது. பேர் கூப்பிட்டதும் கூண்டில் ஏறியது அண்ணன். முகச்சாயல் ஒன்றுதான். ஆனால் கைதுக் குறிப்பில் அங்க அடையாளம் எழுதியிருந்தது: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. கூண்டில் நின்றவன் புருவத்தில் ஒரு கீறல் இல்லை. மாஜிஸ்திரேட் கேட்டபோது அவன் மறைக்கவும் இல்லை. “எவன் நின்னா என்ன சார்? தண்டனை ஒண்ணுதானே. அவனுக்க வாழ்க்கை போயிரும்” என்றான். மாஜிஸ்திரேட் கொஞ்சநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். “தண்டனை ஒண்ணுதான். ஆள் வேறயாச்சே” என்றார். அண்ணன்மேல் ஆள்மாறாட்டத்துக்குத் தனி வழக்கு. அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 205-வது பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. தம்பிக்கு வாரண்ட்.

அந்த அண்ணன் சொன்னது மேடைகளில் நான் கேட்ட சுவிசேஷம்தான், வார்த்தை மாறாமல். சபையில் அதற்கு அல்லேலூயா. கோர்ட்டில் அதற்கு வழக்கு.

ஆனால் அதே கட்டடத்தில் இன்னொன்றும் நடக்கும். அபராதம் விதித்ததும் வராந்தாவில் நிற்கிற அம்மா சேலைத் தலைப்பில் முடிந்த பணத்தை அவிழ்த்து எண்ணி வைப்பாள். ‘இது யார் பணம்?’ என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. சட்டமும் கேட்கச் சொல்லவில்லை. ரசீது மகன் பெயரில் போகும், மகன் வீட்டுக்குப் போவான். அந்த அம்மா அடுத்த ஆறு மாதம் எப்படிச் சாப்பிட்டாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இந்த இரட்டை மனசைத்தான் டேவிட் லூயிஸ் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1997-ல் ஒரு கட்டுரையில் பிடித்தார். அவர் நாத்திகர். சிறைக்கோ தூக்குக்கோ மாற்று ஆள் என்றால் எல்லோரும் கொதிக்கிறோம். அபராதத்தை நண்பன் கட்டினால் கண்டுகொள்வதில்லை, அந்த அபராதம் சிறையைப் போலவே நொறுக்குகிற தொகையாக இருந்தாலும். அப்படியானால் குழப்பம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை, நம் எல்லோருடைய நீதியுணர்வுக்குள்ளேயே இருக்கிறது என்றார். நாத்திகரிடமிருந்து இவ்வளவு நியாயமான பேச்சை எதிர்பார்க்கவில்லை. அன்று இரண்டு முறை படித்தேன்.

இதற்கு நானூறு வருஷம் முன்னாலேயே சோசினஸ் என்ற இத்தாலியர் கேட்டுவிட்டார். கடனை இன்னொருவர் அடைக்கலாம், ஏனென்றால் பணம் கைமாறும். தண்டனை எப்படிக் கைமாறும்? போகட்டும், கைமாறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடன் முழுவதும் வசூலாகிவிட்டதே, பிறகு ‘மன்னித்தேன்’ என்று சொல்ல மீதி என்ன இருக்கிறது? வசூலும் வேண்டும், மன்னித்த பெயரும் வேண்டும் என்றால் எப்படி? கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள் என்று இரு தரப்பு சபைகளும் அவரைத் திட்டின. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது அந்தப் பிரசங்கக் கதையைக் கவனியுங்கள். அதில் எப்போதும் அபராதம்தான் வரும், தூக்கு வராது. அபராதத்தில் கதையைத் தொடங்கி, கேட்பவர் கண் கலங்குகிற நேரம் பார்த்து சிலுவையில் கொண்டு முடித்துவிடுவார்கள். நடுவில் வண்டி மாறியது யாருக்கும் தெரியாது. இன்னொன்று, கோர்ட்டில் நீதிபதி பாதிக்கப்பட்டவர் இல்லை. அவர் வீட்டிலேயே திருடிய வழக்கு என்றால் அதை அவர் விசாரிக்க முடியாது, வேறு கோர்ட்டுக்கு மாற்றவேண்டும். வேதத்தில் கடவுளோ நீதிபதியும் அவரே, பாதிக்கப்பட்டவரும் அவரே. இப்படி ஒரு கோர்ட் உலகத்தில் இல்லை. அதனால்தான் கோர்ட் கதைகள் இந்த இடத்தில் நொண்டுகின்றன.

ஏசாயா 53-ல் ‘ஆக்கினை அவர்மேல் வந்தது’ என்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதை நான் அழிக்கப் போவதில்லை. ஆனால் பவுல் 2 கொரிந்தியர் 5-ல் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்: கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் கடவுளே. பிதாவை நீதிபதியாகவும் குமாரனை வழியில் பிடித்துவந்த நிரபராதியாகவும் தனித்தனியே நிறுத்தினால், அது அந்த அண்ணன்–தம்பி வழக்குதான். ‘ஒரு நிரபராதியின் இரத்தத்தை விலையாகக் கேட்பது எவ்வளவு கொடுமை’ என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டு கேட்டது இந்தப் படத்தைப் பார்த்துத்தான். பாதிக்கப்பட்டவரே இறங்கிவந்து சுமந்தார் என்றால் விஷயம் வேறு. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன், அங்கேதான் அது பொருந்துகிறது.

ஒரு தொழில் ரகசியம். புராட்டஸ்டண்ட் முன்னோடிகளில் ஒருவரான ஜான் கால்வின் சட்டம் படித்தவர். அவருக்குப் பின்னால் 1617-ல் சோசினஸுக்கு மறுப்பு எழுதிய குரோஷியஸ் பேர்பெற்ற சட்ட நிபுணர். எங்கள் ஆட்கள் கையில் போய்ச் சேர்ந்ததால்தான் சிலுவைக்கு இவ்வளவு கோர்ட் வாசனை.

தூத்தூரிலிருந்து ஒரு வாசகர்: மாற்கு 10:45-ல் இயேசு தம் உயிரை ‘மீட்கும்பொருளாக’ கொடுத்தார் என்று வருகிறது. விலை கொடுத்து மீட்டார் என்றால் அந்த விலையை வாங்கிக்கொண்டது யார்?

பழைய சபைத் தந்தையர் பலர் ‘பிசாசு’ என்றுதான் பதில் சொன்னார்கள். நாலாம் நூற்றாண்டில் நிசாவின் கிரெகோரி சொன்ன உவமை உங்கள் ஊருக்கென்றே செய்தது. மனித உடல் இரை. உள்ளே மறைந்திருந்த தெய்வீகம் தூண்டில் முள். பேராசை பிடித்த மீன்போல பிசாசு இரையோடு முள்ளையும் விழுங்கி மாட்டிக்கொண்டான். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கிற தூத்தூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கினால் சிரிப்பீர்கள். அகுஸ்தினார் அதையே எலிப்பொறி ஆக்கினார். விவசாயக் கரையில் இருக்கிற எனக்கு அது கொஞ்சம் பக்கம்.

கிரெகோரிக்கு அதே பெயரில் ஒரு நண்பர், நாசியான்சுவின் கிரெகோரி. அவருக்கு இது பிடிக்கவில்லை. கொள்ளைக்காரனுக்குப் போய் கடவுளையே விலையாகக் கொடுப்பதா, வெட்கம் என்றார். சரி, விலை பிதாவுக்குப் போனது என்றால், நம்மைப் பிடித்து வைத்திருந்தவர் பிதா இல்லையே என்றார். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டார், மனுஷன்.

என் அபிப்பிராயம்: ‘மீட்பு’ என்பது விடுதலையின் பேச்சு, பற்றுவரவு நோட்டு இல்லை. கடலில் பிடிபட்டுப் போனவர்கள் திரும்பி வருகிற நாளில் கரையில் நிற்கிற அம்மா, யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றா முதலில் கேட்கிறாள்? பையன் இறங்குகிறானா என்றுதான் பார்க்கிறாள். பின்னாளில் ஆயரான சுவீடன் நாட்டு இறையியலாளர் குஸ்தாவ் ஆலேன் 1930-ல் இந்தப் பழைய வெற்றிப் படத்தைத் தூசி தட்டி எடுத்தார். பாவம், சாவு, பிசாசு ஆகியவற்றின்மேல் கிறிஸ்து வென்றார் என்பதுதான் ஆதி சபையின் மையப் பேச்சு என்றார். தண்டனைப் படத்தைவிட எனக்கு அது மூச்சுவிட இடம் தருகிறது. ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் செய்த தவறுக்கு அதில் என்ன பதில் என்றுதான் தெரியவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை: எழுபது வருஷ வாழ்க்கையில் செய்த பாவத்துக்கு முடிவில்லாத நரகமா? குற்றத்துக்கேற்ற தண்டனை என்று ஒன்று இல்லையா?

அகுஸ்தினார் இதற்கு ஒரு பதில் சொன்னார். குற்றம் எவ்வளவு நேரத்தில் நடந்தது என்பதை வைத்துத் தண்டனையின் நீளத்தை எந்தச் சட்டமும் அளப்பதில்லை என்றார். அது உண்மை. கத்திக்குத்துக்கு ஒரு நொடி போதும், தண்டனை ஆயுள். ஆனாலும் ஆயுள் முடிகிறதே டீச்சர். முடியாததைப் பற்றியல்லவா நீங்கள் கேட்கிறீர்கள்.

பெரிய பதில் கான்டர்பரி பேராயர் அன்செல்முடைய சிந்தனையிலிருந்து வந்தது. 1098 வாக்கில் அவர் எழுதி முடித்த நூலில் பாவம் என்பது கடவுளுக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. அவமதிக்கப்பட்டவர் எல்லையில்லாதவர், ஆகவே அந்தக் கடனும் மனிதனால் அடைக்கமுடியாதது. பின்னால் வந்தவர்கள் இதை நீட்டி, ஆகவே தண்டனையும் எல்லையில்லாதது என்றார்கள்.

இந்த இடத்தில் குமரிக்காரனாக எனக்கு ஒரு தகராறு உண்டு. அவமதிக்கப்பட்டவரின் அந்தஸ்தை வைத்துக் குற்றத்தை அளக்கிற நீதியை நம் முன்னோர் முதுகில் வாங்கியவர்கள். எங்கள் பூட்டியின் அம்மா காலத்தில் நம் பெண்கள் தோளில் ஒரு துணி போடுவது குற்றம். துணி யாரையும் காயப்படுத்தவில்லை. ‘பெரியவர்’களின் மரியாதை காயப்பட்டது, அதுதான் குற்றம். அதற்காக ஆலயங்களும் பள்ளிகளும் எரிந்தன. 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அறிக்கை வந்து தோளை மூடலாம் என்றது, அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல மூடக்கூடாது என்ற வாலோடு. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, அடிபட்டவர் எவ்வளவு உயர்ந்தவரோ அவ்வளவு பெரிய தண்டனை என்ற கணக்கைக் கடவுளின் நீதி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மத்தேயு 25-ல் இயேசுவே கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்குகிறார்: மிகவும் சிறியவரான இவர்களில் ஒருவனுக்குச் செய்தது எதுவோ, அது.

அன்செல்முக்கு அநியாயம் செய்யக்கூடாது. கடவுளின் மரியாதை உண்மையில் குறையாது, உலகத்தின் ஒழுங்குதான் குலைகிறது என்று அவரே எழுதுகிறார். அதோடு அவருக்குப் பரிகாரம் வேறு, தண்டனை வேறு. ஒன்று நடந்தால் மற்றது தேவையில்லை. கிறிஸ்து செய்தது பரிகாரம் என்றுதான் சொன்னார், தண்டனை அனுபவித்தார் என்று சொல்லவில்லை. அதைச் சேர்த்துத் தைத்தவர்கள் பிற்பாடு வந்தவர்கள். நரகத்தைப் பற்றிக் கேட்டால், தூண்டில் சொன்ன நிசாவின் கிரெகோரி கடைசியில் எல்லாம் சீராகும் என்று நம்பியவர். நான் நம்புகிறேன் என்று சொல்ல தைரியமில்லை. ஆசைப்படுகிறேன்.

சுசீந்திரத்திலிருந்து ஒரு வாசகர்: நான் இந்து. வினையை விதைத்தவன்தான் அறுக்கவேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. இன்னொருவர் என் பாவத்தைச் சுமப்பது சுலபமாகத் தப்பிக்கிற வழியாகத் தெரிகிறது. தவறாக நினைக்கவேண்டாம்.

தவறாக ஏன் நினைக்கிறேன்? எங்கள் புத்தகத்திலேயே உங்கள் கட்சிக்கு ஆள் இருக்கிறது. ‘மனுஷன் எதை விதைக்கிறானோ அதையே அறுப்பான்’ என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். எசேக்கியேல் 18, மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை, தகப்பன் மகனுடையதைச் சுமப்பதில்லை என்று அடித்துச் சொல்கிறது. அந்த எசேக்கியேலும் ஏசாயா 53-ம் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. எங்கள் தலைவலி அங்கேதான்.

உங்கள் ஊரே பரிகாரத்தின் பெயரைத் தாங்கிய ஊர்தானே. இந்திரன் பாவம் நீங்கி சுசி ஆன இடம் என்று தலபுராணம். அதே தாணுமாலயன் கோயிலில் முன்பு ‘கைமுக்கு’ இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கைவிட வேண்டும். கை வேகாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் காலத்தில் அதை நிறுத்தினார்கள். எனக்கு அதில் பிடிபடாதது, விசாரணை எது, தண்டனை எது என்பதுதான். நிரபராதி என்று தெரிவதற்குள்ளேயே நெய்யில் கைவிட்டாயிற்றே. இன்றைக்கும் பத்து வருஷம் வாய்தாவுக்கு அலைந்து விடுதலையாகிறவனைப் பார்க்கும்போது எனக்குக் கைமுக்கு ஞாபகம் வரும்.

பழைய தமிழ் அரசர்களை எடுத்துக்கொண்டாலும் உங்கள் பக்கம்தான். கன்றைக் கொன்ற மகனை மனுநீதிச் சோழன் தேர்க்காலில் இட்டான், மாற்றாக வேறு யாரையும் அனுப்பவில்லை. தவறாகக் கதவைத் தட்டிய கையைப் பாண்டியன் தானே வெட்டிப் பொற்கைப் பாண்டியன் ஆனான். செய்த கை, வெட்டுப்பட்ட கை. கணக்குச் சரி.

சுலபமான வழி என்று சொன்னீர்களே, அந்தக் குற்றச்சாட்டு எங்கள் ஆட்களில் பலருக்குப் பொருந்தும். நெருடத்தான் செய்கிறது.

கோட்டாற்றிலிருந்து ஒரு வாசகி: பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கிடைத்தபிறகும் எங்கள் சாமியார் ஏன் செபங்கள் சொல்லச் சொல்கிறார்? புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.-யைச் சேர்ந்த என் தோழி கிண்டல் செய்கிறாள்.

அதற்கு உங்கள் பழைய ஞானோபதேசத்தில், அதாவது மறைக்கல்விப் புத்தகத்தில், என்ன பெயர் தெரியுமா? ‘அபராதம்’. எங்கள் கோர்ட் வார்த்தையேதான். குற்றம் மன்னிக்கப்பட்டாலும் அதனால் வந்த சேதத்தைச் சீர்ப்படுத்துகிற வேலை மிச்சமிருக்கிறது என்பது கத்தோலிக்க நிலைப்பாடு. செத்தபிறகு ஆத்துமா சுத்தமாகிற உத்தரிக்கிற ஸ்தலமும் அந்தக் கணக்கில் வருவதுதான். 1517-ல் லூத்தர் கிளம்பியது, அந்த மிச்சத்தைக் காசுக்குக் குறைத்துக் கொடுத்ததைப் பார்த்து. வியாபாரத்தைத் தூக்கி எறிந்தபோது எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கம் அந்த வேலையையும் சேர்த்து எறிந்துவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தோழியிடம் சொல்லுங்கள், கிண்டல் வேண்டாம் என்று.

குழித்துறையிலிருந்து ஒரு வாசகர்: சிலுவை மரணத்தால் மீட்கப்பட்டோம் என்கிறவர்கள் தூக்குத் தண்டனையை ஆதரிக்கலாமா?

எனக்கு ஆதரவில்லை. நம் மண் திருவிதாங்கூரில் இருந்தபோது 1944-ல் மரண தண்டனையே எடுக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய யூனியனோடு இணைந்தபிறகு அது திரும்ப வந்தது. 1752-ல் ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில், கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றது அதே அரசுதான். அவருக்கு 2022-ல் புனிதர் பட்டம். தண்டனை கொடுத்த கைகள் எவ்வளவு தப்பியிருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அந்த மலைவரை பஸ்ஸில் போய்வந்தாலே போதும்.

பெயரும் ஊரும் வேண்டாம்: என் அண்ணன் அப்பாவின் சொத்தில் எனக்குச் சேரவேண்டிய பன்னிரண்டு சென்டை ஏமாற்றித் தன் பெயருக்கு எழுதிக்கொண்டான். இப்போது இரட்சிக்கப்பட்டுவிட்டானாம். ‘என் பாவமெல்லாம் சிலுவையில் தீர்ந்தது, நீ இன்னும் மன்னிக்காமல் இருப்பதுதான் பாவம்’ என்கிறான். நிலத்தைப் பற்றிப் பேச்சில்லை. நான் மன்னிக்கத்தான் வேண்டுமா தம்பி?

அக்கா, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேஜைமேல் வைத்திருந்தேன்.

முதலில் உங்கள் அண்ணனுக்கு. கோர்ட்டில் ராசி ஆவது என்று ஒன்று உண்டு. சில குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் முடித்துக்கொள்ளலாம். யார் பாதிக்கப்பட்டாரோ அவர் கையெழுத்துத்தான் வேண்டும். மாஜிஸ்திரேட்கூட அவருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட முடியாது. கடவுளுக்கு விரோதமான பங்கைக் கடவுள் மன்னித்திருக்கலாம். உங்கள் பன்னிரண்டு சென்டுக்கான கையெழுத்து உங்களிடம் இருக்கிறது. ‘உமக்கு ஒருவருக்கே விரோதமாகப் பாவம் செய்தேன்’ என்று சங்கீதம் 51-ல் தாவீது பாடுகிற இடத்தில் நான் எப்போதும் கொஞ்சம் முணுமுணுப்பேன். நீர் மனைவியை எடுத்துக்கொண்டு சாகடித்த உரியா செத்துக் கிடக்கிறானே ராஜாவே, அவனுக்கு என்ன பதில்?

லேவியராகமம் 6-ஐ அண்ணனுக்கு வாசித்துக் காட்டுங்கள். அயலானை ஏமாற்றியவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கவேண்டும். அப்புறம்தான் ஆட்டைக் கொண்டு ஆசாரியனிடம் போகவேண்டும். பன்னிரண்டு சென்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு என்றால் இரண்டு சென்டும் கொஞ்சமும் வரும். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்ற பிறகுதான் இயேசு ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்றார். உங்கள் அண்ணன் வீட்டுக்கு இரட்சிப்பு வந்த வழியில் பத்திர அலுவலகம் தென்படவில்லை.

இனி உங்களுக்கு. இதை உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, ஏனென்றால் நான் உங்கள் அண்ணன் இடத்தில் நின்றவன்.

1986. நான் ஒரு கோர்ட்டில் கிளார்க். ரப்பர் பால்வெட்டுகிற ஒருவருக்கு வாய்த்தகராறு வழக்கில் அபராதம், கட்டத் தவறினால் பதினைந்து நாள். கட்ட முடியாமல் கிளைச் சிறைக்குப் போய்விட்டார். ஆறாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அவர் மனைவி ஆட்டை விற்றுப் பணத்தைக் கொண்டுவந்து கட்டினார். அபராதத்துக்குப் பதிலான சிறை, பணம் கட்டிய கணத்தோடு முடிந்துபோகும், அது சட்டம். விடுதலைக் குறிப்பை அன்றே சிறைக்கு அனுப்பவேண்டியது என் வேலை. அன்று மாலை எங்கள் ஆலயத்தில் பாடகர் குழு ஒத்திகை, பெரிய வெள்ளிக்கான பாட்டு. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று தாளை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை டிராயரைத் திறந்தபோதுதான் ஞாபகம். அவர் மூன்று இரவு கூடுதலாக உள்ளே இருந்தார். யாரும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

அன்று இரவு முழங்காலில் நின்று அழுதேன். மன்னிப்புக் கிடைத்த நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதி ஒன்பது வருஷம் நின்றது, நடுநடுவே அரித்துக்கொண்டே. 1995-ல் ஒருநாள் ஒரு கவரில் ஐந்நூறு ரூபாய் வைத்துக்கொண்டு அவர் வீட்டைத் தேடிப்போனேன். குலசேகரத்துக்கு அப்பால், மலையடிவாரம். முழுவதையும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். கோபப்பட்டார் என்று எழுதினால் சரியாக இருக்காது, படாமலும் இல்லை. “அந்த ஞாயிறாட்சதான் எனக்க மூத்தவளுக்குத் திடப்படுத்தல். நான் இல்லாமதான் நடந்தது” என்றார். திடப்படுத்தல் என்பது பிள்ளையைச் சபையின் முழு அங்கமாக ஏற்றுக்கொள்கிற சடங்கு. எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் அவரே, “போட்டு சாரே. அந்த மூணு நாள நீங்க திருப்பியா தரப்போறீங்க? கட்டன் குடிங்க” என்றார். கவரைத் தொடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று புரிந்தது அக்கா. அந்த மூன்று நாள் ‘போட்டு’ என்றதும் காற்றில் கரைந்துவிடவில்லை. யாரோ ஒருவர் கணக்கில் அது ஏறியே ஆகவேண்டும். நான் கட்ட முடியாது. மூன்றாம் ஆள் யாரும் வந்து கட்டவில்லை, வந்திருந்தாலும் மகளின் திடப்படுத்தல் திரும்ப வராது. பாதிக்கப்பட்ட அவரே அதைத் தன் கணக்கில் வைத்துக்கொண்டு எனக்குக் கட்டன் சாயா போட்டார். சிலுவையைப் பற்றி நான் படித்த எல்லாவற்றிலும் இந்தச் சாயாதான் எனக்குப் பக்கத்தில் வருகிறது. முழுதாகப் பொருந்தாது. அவர் எனக்காக வேண்டுமென்று சிறைக்குப் போகவில்லை, நான்தான் வைத்தேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தால், இயேசுவையும் சிலுவைக்கு அனுப்பியவர்கள் நாம்தானே.

ஆகவே மன்னிக்கவேண்டுமா என்றால், அதன் விலையை நீங்கள்தான் கட்டப்போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு, முடிகிற நாளில் செய்யுங்கள். அண்ணன் நாள் குறிக்க முடியாது. மன்னித்தபிறகும் நிலத்தைக் கேட்கலாம், சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். பழிக்கும் பாகத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. வக்கீலைப் பார்ப்பதில் தாமதம் வேண்டாம், காலவரையறை என்று ஒன்று உண்டு.

கட்டன் குடித்து எழும்பியபோது அவர் கேட்டார், “சாருக்கு மனு எழுதத் தெரியும் இல்லியா?” வீட்டு மனைக்குப் பட்டா மாறாமல் கிடந்தது. எழுதினேன். அதன்பின் ஒன்றரை வருஷம், என் லீவு நாட்களில், அந்த மனுவின் பின்னால் பதினொரு முறை நடந்தேன். பட்டா வந்த வாரம் ஒரு மட்டி வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.